1031-ஆம் வாசல்

மேனேஜர் மேடம் கடிதத்தை டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, கவருக்குள் வைத்து ஒட்டிவிட்டுத்தான் எங்களை உட்காரச் சொன்னார். தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு விசாரணைக்கு ஆள் கூப்பிடுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நமக்கு வேலை மிச்சம்.

"ஆறு மணிக்கு நான் கிளம்பணும். என் வீட்டுக்காரர் கீழ வந்து காத்திருப்பார்," என்றார். "அதுக்குள்ள இவதான்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, இந்தக் கவரை இன்னைக்கே குடுத்து அனுப்பிடுவேன்."

'இவ' சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பத்திரிகையின் பிழை திருத்துபவள். முப்பது வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்து நிற்கிறவர்களின் முகம்.

என் அண்ணி கவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். தொலைபேசி நிலையத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். எந்தக் குரல் எந்த இணைப்பில் வருகிறது என்று கேட்டே சொல்வார். இப்போது வீட்டு மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நான் அவருடைய கணவரின் தம்பி. என் ரேடியோ ரிப்பேர் கடையை மூடிய நாளிலிருந்து அவருக்கு உதவியாளர். துப்பு கிடைப்பது அவருக்கு. துலக்குவது நான், பாத்திரம் உட்பட.

"முதல்லேர்ந்து சொல்லுங்க மேடம்," என்றார் அண்ணி.

மேடம் சொன்னார். அது ஒரு வாரப் பத்திரிகை. வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். புதன்கிழமை அச்சுக்குப் போகும். அதன் உயிர்நாடி கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்துப் போட்டி. கடந்த நான்கு வாரமாக ஒவ்வொரு புதன்கிழமை சாயங்காலமும், இதழ் அச்சாகும் முன்பே, அதன் விடைகள் முழுசாக வெளியே வந்துவிடுகின்றன. குறுக்கெழுத்துப் பைத்தியங்கள் கூடும் ஒரு இணையதளத்தில் 'அளவுகோல்' என்ற புனைபெயரில் யாரோ போடுகிறார்கள்.

"புதிர் போடறவர் நேத்து போன் பண்ணிட்டார். திருடன வெளிய அனுப்பற வரைக்கும் ஒரு கட்டம் கூட வரைய மாட்டாராம். குறுக்கெழுத்து நின்னா பாதி வாசகர் நின்னுடுவாங்க."

"விடை யார் யார் கையில இருக்கும்?"

"மூணு பேர். புதிர் போடறவர் வேற ஊர்ல இருக்கார். அடுத்தது நான். மூணாவது, ஒப்பு பார்க்கிற இவ. போஸ்ட் எல்லாம் நம்ம ஆபீஸ் இணைய முகவரியிலேர்ந்துதான் போயிருக்குன்னு அந்தத் தளத்துக்காரரே எழுதிக் குடுத்துட்டார். நான் போடலை. அப்ப யாரு?"

"கழித்தல் கணக்கு சரியா இருக்கு," என்றேன் நான். அண்ணியின் பார்வை என் பக்கம் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டேன்.

பிழை திருத்துபவள் முதல் தடவையாகப் பேசினாள். "விடைத்தாள படிச்சதும் உங்க கையிலயே திருப்பிக் குடுத்துடறேன் மேடம். ஒரு நாள் கூட வெச்சுக்கிட்டதில்ல. நேத்து ஹால்ல அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னீங்க. இன்னைக்கு யாரும் என்கூட டீ குடிக்கக்கூட வரல."

மேடம் மேஜை மேல் இருந்த கவரை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தார்.

"தளத்துக்காரர் எழுதின கடிதம் இருக்கா?" என்றார் அண்ணி.

ஒரு பக்கம்தான். நான்கு வரி. தேதி, நேரம், இணைய முகவரி. நேரம் நாலு வாரமும் ஐந்தே முக்காலிலிருந்து ஐந்து ஐம்பத்தைந்துக்குள். முகவரி நான்கிலும் ஒன்றே. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்: 1031, 1029, 1033, 1031.

"இது என்ன நம்பர்?"

"ஏதோ வரிசை எண்ணா இருக்கும்," என்றார் மேடம்.

"வரிசை எண் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போகும் மேடம். இது போறதும் வர்றதுமா இருக்கு," என்ற அண்ணியின் குரல் மெல்ல இனிப்பாகிவிட்டது. இந்தக் குரல் வந்தால் யாருக்கோ அன்று நாள் சரியில்லை என்று அர்த்தம்.

"இந்தக் கட்டடத்துல எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளிய தெரியற முகவரி ஒண்ணுதான். ஒரே வீட்டுல பத்துப் பேர் மாதிரி. ஆனா வெளிய ஒரு தளத்துக்குப் போகும்போது, அதோட பதில் திரும்பி வர்றதுக்குன்னு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கு ஒரு வாசலைத் திறந்துக்கும். அதுக்குப் பேரு போர்ட். வேலை முடிஞ்சதும் மூடிடும். இந்தக் கடைசி நம்பர் அந்த வாசல் நம்பர்."

"சரி, அதனால என்ன? எந்த நம்பர் வேணா இருக்கலாமே," என்றார் மேடம்.

"இருக்காது. எங்கேர்ந்து எதுவரைக்கும் எடுக்கணும்னு ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. புது விண்டோஸ் நாப்பத்தொன்பதாயிரத்து நூத்தி ஐம்பத்திரெண்டுக்குக் கீழ எறங்காது. ரொம்ப கெத்து. லினக்ஸ் முப்பத்திரெண்டாயிரத்துச் சொச்சத்துல ஆரம்பிச்சு அறுபத்தோராயிரத்தத் தொடறதுக்குள்ள நிறுத்திக்கும்."

"1031?" என்றேன்.

"அது கிழவனோட பழக்கம் தம்பி. பழைய விண்டோஸ். ஆயிரத்து இருபத்தஞ்சுல ஆரம்பிக்கும், ஐயாயிரத்தோட சரி."

பிழை திருத்துபவள் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தாள்.

தளத்துக்காரருக்குப் போன் போட்டோம். தனியாக இருந்து ஒரு இணையதளம் நடத்துகிற பெரியவர். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தன் தளத்தின் வரலாற்றையே ஆரம்பித்தார். அது படம், பளபளப்பு எதுவும் இல்லாத பழைய பாணித் தளமாம். எந்தக் காலத்துக் கம்ப்யூட்டரிலும் திறக்குமாம். "திறந்தா உங்களுக்கு உடனே தெரியுமாங்கய்யா?" என்று அண்ணி இடையில் நுழைந்தார்.

"கண்ணு முன்னாடி வரி வரியா ஓடுதும்மா. திறங்க, நான் வாசிக்கிறேன்."

பிழை திருத்துபவளின் மேஜைக்குப் போனோம். ஹாலில் இருந்த எல்லோரும் வேலை செய்வது போலக் கழுத்தை மட்டும் வளைத்தார்கள். அவள் தளத்தைத் திறந்தாள்.

"ஐம்பதாயிரத்து இருநூத்திப் பதினாலு," என்றது போன்.

மேடத்தின் கம்ப்யூட்டர்: அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம். பக்கம் வடிவமைப்பவரிடம் லினக்ஸ் இருந்தது: நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு.

"பாத்தீங்களா, ஆபீஸ் வாசல்ல இருக்கிற இணையப் பெட்டி முகவரிய மட்டும்தான் மாத்துது, வாசல் நம்பர்ல கை வைக்கறதில்ல," என்றார் அண்ணி. "இல்லைன்னா மூணும் மூணு விதமா, அததோட பழக்கப்படியே வந்து நிக்காது."

மேடம் விடுவதாக இல்லை. "அந்த எல்லைய நாமளே மாத்திக்க முடியாதா?"

நல்ல கேள்விதான். "முடியும்," என்ற அண்ணி பிழை திருத்துபவளின் மேஜையில் போய் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் எதையோ தட்டினார். "இதுல யாரும் மாத்தல. தொழிற்சாலையிலேர்ந்து வந்தபடியே இருக்கு. மாத்தணும்னா நிர்வாகிப் பாஸ்வேர்ட் வேணும். அது யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட," என்றார் மேடம்.

"அப்ப அந்தக் கேள்விய விட்டுடலாம்," என்றேன் நான், அவருடைய நன்மைக்காக.

பழைய விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு மூன்று பேர் இல்லை என்றார்கள். நான்காவது ஆள், டீ கிளாஸ்களை எடுக்க வந்தவர், "பிளேட் ரூம்ல ஒரு டப்பா இருக்கே," என்றார்.

பிளேட் ரூம் முதல் மாடிக் கோடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. அங்கே ஒரு பெரிய மெஷின். பத்திரிகைப் பக்கங்களை அலுமினியத் தகடுகளில் பதித்துக் கொடுக்கும். அந்தத் தகடுகள்தான் கீழே அச்சு இயந்திரத்தில் ஏறும். மெஷின் சூடாகக்கூடாது என்று எந்நேரமும் ஏசி. மெஷினோடு ஒட்டிப் பிறந்தது போல ஒரு பழுத்துப்போன கம்ப்யூட்டர். அதை யாரும் கம்ப்யூட்டர் என்று நினைப்பதில்லை. மெஷினின் ஒரு உறுப்பு என்றே நினைத்துவிட்டார்கள்.

அதை இயக்குபவரை எல்லோரும் 'பிளேட் அண்ணன்' என்று கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷ அனுபவம். மெஷினைவிடக் குறைவாகப் பேசுவார்.

"இதுல இணையம் வருமாண்ணே?" என்றேன்.

"வரும். மெஷின் கம்பெனிக்காரங்க தூரத்திலேர்ந்து பாக்கறதுக்குன்னு குடுத்தது. நான் தொடறதில்ல."

"பாஸ்வேர்ட்?"

"கிடையாது. இதை யாரு திருடுவா?"

தளத்தைத் திறந்தோம். போனில் பெரியவர் வாசித்தார். "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

நான்கு இலக்கம். கிழவன் அகப்பட்டான். மேடத்தின் முகம் மாறியது. பிளேட் அண்ணன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "இருபத்திரெண்டு வருஷம்," என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அவர்தான் என்று தோன்றிவிட்டது. கட்டம் போட்ட பக்கம் அவர் கண்முன்தான் ஓடுகிறது. வாய் பேசாத ஆள். கேஸ் முடிந்தது, நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அண்ணி மட்டும் அந்த 1412-ஐப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கண்ணே. அடுத்து எத்தனை பிளேட்?"

"ஏழு."

ஏழு தகடு வெளியே வரும் வரை காத்திருந்தோம். நான் குளிரில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டேன். ஏழாவது வந்ததும் அண்ணி மறுபடி தளத்தைத் திறந்தார்.

"ஆயிரத்து நானூத்தி இருபது," என்றார் பெரியவர்.

"எண்ணிப் பாருங்க தம்பி."

எண்ணினேன். 1412-க்குப் பிறகு ஏழு, 1419. அடுத்தது 1420. "ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு வாசல்."

"புதுசுங்க மாதிரி இது குலுக்கிப்போட்டு எடுக்காது. வரிசையா எடுக்கும். சர்வர்லேர்ந்து ஒரு பக்கத்த இழுத்தா ஒண்ணு, தளத்தத் திறந்தா ஒண்ணு. அண்ணே, இப்ப இதை அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

பிளேட் அண்ணன் பதறினார். "எழுந்திரிக்க ஆறு நிமிஷம் எடுக்கும்மா."

"எங்க வீட்டுல இவர் எழுந்திரிக்க ரெண்டு மணி நேரம் எடுப்பார்," என்று அண்ணி என்னைக் காட்டினார். "நான் பழகிட்டேன்."

ஆறு நிமிஷம் கழித்துத் தளத்தைத் திறந்தபோது போனில் பெரியவரின் குரல் ஏறிவிட்டது. "ஆயிரத்து முப்பதும்மா. இதுதான், இந்த மாதிரிதான் அன்னைக்கெல்லாம் வந்துது."

அண்ணி மேடத்தைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் எழுந்ததும் நாலஞ்சு வாசலைத் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கும். அதுக்கப்புறம் வர்றவனுக்கு 1029, 1030, 1031. நாள் பூரா இதுல உழைச்ச மனுஷன் சாயங்காலம் ஒரு போஸ்ட் போட்டா ஆயிரத்து நானூறுக்கு மேல வரணும். போட்டவன் அப்பத்தான் இதைப் புதுசா ஆன் பண்ணியிருக்கான். அண்ணே, நீங்க எத்தனை மணிக்கு அணைப்பீங்க?"

"அஞ்சு மணிக்கு. அஞ்சு பத்துக்கு ஆபீஸ் வேன். அதை விட்டா எட்டுக் கிலோமீட்டர் நடை. விட்டதே இல்ல."

"வேன் டிரைவர் சாட்சி சொல்லுவார். உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

பிளேட் அண்ணன் மெஷினின் பக்கவாட்டில் ஒரு கையை வைத்துச் சாய்ந்துகொண்டார். அவருடைய ஒரு வருஷப் பேச்சுக்கு அது சமம்.

ஆனால் மேடத்துக்குக் கண் மின்னியது. "அப்ப இன்னும் சுலபமாப் போச்சு. வேன் போனப்பறம் ஆறு மணி வரைக்கும் இந்த மாடியில இருக்கிறது ரெண்டே பேர்தான். நானும் இவளும். புதன்கிழமை அடுத்த இதழ் வேலைக்காக இவ வேன்ல போகமாட்டா. தன் கம்ப்யூட்டர்ல போட்டா மாட்டிக்குவோம்னு இங்க வந்து போட்டிருக்கா."

கதவருகே நின்றுகொண்டிருந்த பிழை திருத்துபவளின் முகம் வெளுத்தது. என் அண்ணி பாடுபட்டுக் கண்டுபிடித்த வாசல் இப்போது அவள் எதிரிலேயே போய்த் திறந்துகொண்டது. எனக்கு வேடிக்கையாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அண்ணி தளத்துக்காரரின் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு, "போன வாரம் அந்த அளவுகோல் போட்ட விடைகள் இருக்கா?" என்று கேட்டார்.

மேடத்தின் பைலில் இருந்தது. அண்ணி அதையும் பத்திரிகையின் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாகப் போனார். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

"பதினேழு குறுக்கு. ரெண்டெழுத்து. 'முதல் அடி நம்முடையது. மீதி அதன் இஷ்டம்.' உங்க விடை பாதை. அளவுகோல் போட்டது போதை."

"அது டைப்பிங் மிஸ்டேக்," என்றார் மேடம். "ஒரு கொம்பு கூடுதலா விழுந்திருக்கு."

"போதையில கொம்பு முளைக்கறது சகஜம்தான்," என்றேன்.

"மிஸ்டேக் இல்ல," என்றார் அண்ணி. "கீழ ஒரு வரி எழுதியிருக்கான் பாருங்க. 'பதினேழு குறுக்கு அபாரம். குறிப்பு எழுதியவருக்குச் சொந்த அனுபவம் உண்டு போலிருக்கிறது.'"

பிளேட் அண்ணனின் வாயிலிருந்து ஒரு சின்ன சிரிப்பு நழுவியது.

"ஓ. புதிர் போடறவர் அதுக்குத்தான் அவ்வளவு கோபமா இருந்தாரா," என்றார் மேடம் மெதுவாக. "அவர் காப்பி கூடக் குடிக்க மாட்டார்."

"போட்டவன் போதைன்னு நினைச்சுத்தான் போட்டிருக்கான். 'முதல் அடி'ன்னா முதல் கிளாஸ்னு எடுத்துக்கிட்டான். பாதைன்னு எழுதின விடைத்தாள் கையில இருக்கிறவளுக்கு இது தோணுமா? இவளுக்கு விடை தெரியும் மேடம். அவனுக்குத் தெரியாது. அவன் விடையத் திருடவே இல்ல. வெறும் கட்டத்தையும் குறிப்பையும் பார்த்து, உட்கார்ந்து, தானே யோசிச்சுப் போட்டிருக்கான். வெறும் கட்டம் அச்சுக்கு முன்னாடி எங்க இருக்கும்?"

எல்லோரும் அந்தப் பழுத்த கம்ப்யூட்டரைப் பார்த்தோம். அணைத்துப் போட்டாலும் விட்ட இடத்திலேயே திறக்கும் அதன் திரையில் அந்த வாரக் கடைசிப் பக்கம் விடையில்லாத கட்டங்களோடு நின்றுகொண்டிருந்தது.

"அப்ப மூணு பேர் கணக்கே தப்பு," என்றேன். "நாலாவதா ஒருத்தர் இருக்கார். புதிர்னா உயிரை விடறவர். வேலைவெட்டி இல்லாதவர்."

"இன்னைக்கும் புதன்கிழமைதானே," என்றார் அண்ணி. "வந்தா பார்த்துடலாம்."

ஐந்து மணிக்கு பிளேட் அண்ணன் வழக்கம்போலக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வேனுக்குப் போனார். போகும்போது நின்று, "யாருன்னு நாளைக்குச் சொல்லுங்க," என்றார். அறையின் மூலையில் காலி அலுமினியத் தகடுகள் வரும் அட்டைப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றின் பின்னால் நாங்கள் நான்கு பேர். பிழை திருத்துபவளையும் அண்ணி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். "நீ எங்க கூட இரும்மா. அப்புறம் நீதான் போட்டேன்னு யாரும் சொல்ல முடியாது." மேடம், தன் ஆபீஸில் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற கோபத்தில், புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தியிருந்தார். புதுப் போஸ்ட் வந்தால் என் போனுக்குச் செய்தி அனுப்பச் சொல்லித் தளத்துப் பெரியவரிடம் ஏற்பாடு செய்திருந்தோம்.

ஐந்து இருபதுக்குக் கதவு திறந்தது.

இஸ்திரி குலையாத சட்டை, கையில் ஒரு துணிப்பை, நரைத்த தலை படிய வாரியிருந்தது. ஒளிந்து வருகிறவன் போல இல்லை. நூலகத்துக்கு வருகிறவர் போல வந்தார். ஏசிக்கு நேராக முகத்தைக் காட்டி ஒரு பெருமூச்சு விட்டார். கம்ப்யூட்டரை ஆன் செய்தார். அது எழும் வரை பையிலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்தார், பென்சிலைச் சீவினார், சீவிய தூளைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

என் முழங்கைக்கு மேலே ஏதோ குத்தியது. மேடத்தின் நகம். திரும்பிப் பார்த்தேன். அவருடைய வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எழப் போனவரின் தோளை அண்ணி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அரை மணி நேரம். என் வலது கால் முதலில் மரத்தது, பிறகு இடது. அந்த மனிதர் முணுமுணுத்தார், நோட்டில் கட்டம் போட்டார், அழித்தார், ஒரு விடை கிடைத்தபோது தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டார். யாருடைய தாளையும் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒரு தாளும் இல்லை. கடைசியில் ஒற்றை விரலால் டைப் அடிக்க ஆரம்பித்தார்.

ஐந்து ஐம்பத்திரண்டு. என் போன் 'டிங்' என்றது.

'அளவுகோல். 1031' என்று செய்தி. சத்தத்தை அணைத்து வைக்க மறந்திருந்தேன். அந்த மனிதர் திரும்பினார். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து மேடம் எழுந்து நின்றார்.

"என்னங்க இது?" என்றார்.

"நீ இங்கயா இருக்க?" என்றார் அவர், கொஞ்சமும் அதிராமல். "கிளம்பலாமா? அஞ்சே அஞ்சு நிமிஷம். பதினாலு நெடுக்கு ஒண்ணு மட்டும் சந்தேகமா இருக்கு."

மேடத்தின் வீட்டுக்காரர்.

அவர் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஐந்து வாரத்துக்கு முன்தான் ஓய்வு பெற்றிருந்தார். பொழுது போகாமல் தினமும் சாயங்காலம் மனைவியை அழைத்துப்போக வருகிறார். கீழே வரவேற்பறையில் மின்விசிறி ஓடவில்லை என்று காவலாளிதான், "மேல குளுகுளுன்னு ஒரு ரூம் இருக்கு சார்," என்று அனுப்பியிருக்கிறார். மேனேஜரின் கணவரை வருகைப் பதிவேட்டில் யார் எழுதச் சொல்வார்கள்?

"திரையில கட்டம் இருந்துது. போட்டேன்," என்றார். "கடைக்கு வந்த இதழ்னுதான் நினைச்சேன். அந்தத் தளத்துல ஒருத்தன் எப்பவும் எனக்கு முன்னாடி போட்டுடுவான். ஒரு மாசமா நான்தான் முதல்."

"முதலா இல்லாம?" என்றேன். "மத்தவங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தானே சார் புதிரே கிடைக்குது."

அவர் முகத்திலிருந்த பெருமை இறங்கியது. அதுவரை அவருக்குத் தெரியாது.

"ஒரு மாசமா இதுக்காக இங்க ரகளை நடக்குது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றார் மேடம்.

"எப்படிம்மா தெரியும்? ஆபீஸ் விஷயத்த வீட்டு வாசப்படி தாண்டி உள்ள கொண்டுவர மாட்டேன்னு கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லிட்டியே. நானும் கேக்கறதில்ல." பிறகுதான் பெட்டிகளின் பின்னாலிருந்து வெளியே வந்த பிழை திருத்துபவளைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு ஏன் இப்படி நிக்குது?"

அண்ணிதான் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹால், 'திருடி', ஒட்டிய கவர், போதையால் வந்த புதிர்காரரின் கோபம் எல்லாம். கேட்டு முடித்தபோது அவர் நோட்டை மூடியிருந்தார். "நான் ஒண்ணும் திருடலைன்னு சொல்ல வாய் வருது," என்றார் அவளிடம். "ஆனா நீ பட்டது என்னாலதான். புதிர்காரருக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். போதைக்கும் சேர்த்து."

மேடம் தன் அறைக்குப் போய்க் கவரை எடுத்துவந்து, நான்காகக் கிழித்து, பிழை திருத்துபவளைப் பார்த்தார். "நாளைக்கு வழக்கம்போல வா."

அவள் அசையவில்லை. "வர்றேன் மேடம். ஆனா திருடின்னு சொன்னது ஹால்ல. இங்க இல்ல."

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதுதான் ரொம்பப் பிடித்தது. மேடம் கணவரைப் பார்த்தார். அவர் பதினாலு நெடுக்கை யோசிப்பவர் போல உத்தரத்தைப் பார்த்தார். மேடம் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தன் கைப்பையில் எதையோ தேடினார்.

"காலையில வேன் வந்ததும் எல்லார் முன்னாடியும் சொல்றேன்," என்றார் மேடம் கடைசியில். "எழுத்துலயும் போட்டுடறேன்."

"முப்பது வருஷமா கேக்கறேன், எனக்கு ஒரு மன்னிப்பு கூட எழுத்துல வந்ததில்ல," என்றார் கணவர்.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது ஹாலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். அறிவிப்புப் பலகையில் புதுத்தாள் ஒன்று குத்தியிருந்தது. 'நான் தவறாக குற்றம் சாட்டியதற்கு அனைவர் முன்னிலையிலும் மன்னிப்பு கேட்டு கொள்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி.

பிழை திருத்துபவள் பலகைக்கு முன்னால் போய் நின்று நிதானமாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். கண் நிறைந்திருந்தது, துடைத்துக்கொண்டாள். பிறகு காதுக்கு மேல் செருகியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, 'தவறாக'வுக்குப் பக்கத்தில் ஒரு 'க்', 'மன்னிப்பு'க்குப் பக்கத்தில் ஒரு 'க்', 'கேட்டு'வுக்குப் பக்கத்தில் இன்னொரு 'க்' போட்டுவிட்டு, ஓரத்தில் 'சரி பார்க்கப்பட்டது' என்று எழுதித் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

டீ கிளாஸ்காரர் தட்டோடு வந்தார். பிளேட் அண்ணன் தட்டிலிருந்து இரண்டு கிளாஸை எடுத்துக்கொண்டு அவளுடைய மேஜைக்கு நடந்தார்.